பதினொன்றே கால் மீட்டர்

அளந்தது நான்தான்.
நாடாவின் மறுமுனையை எசக்கியேல் பிடித்திருந்தான்.
மெயின் வால்விலிருந்து மரியசெல்வி வீட்டு நடை வரை
பதினொன்றே கால் மீட்டர்.
அதில் ஏழே முக்கால் தமிழ்நாடு.
நடுவில் மூன்றரை கேரளம்,
எல்லை அந்த இடத்தில் வயிறு தள்ளி நிற்பதால்.
கல்லின் மேல்தான் சர்பத் கடை பெஞ்சின் ஒரு பக்கம்.
நாடாவை அதன்மேல் போட்டபோது
உட்கார்ந்திருந்தவர் காலை மட்டும் தூக்கிக் கொடுத்தார்,
கிளாஸைக் கீழே வைக்கவில்லை.

குழாய் போடத் தெருவை வெட்டவேண்டும்.
களியக்காவிளைச் சந்தை நாளில் வெட்டக்கூடாது.
மற்ற நாளில் கேட்டுவிட்டு வெட்டவேண்டும்.

மனுவை எங்கள் பேச்சில் எழுதிவிட்டேன்:
ஆறு வீட்டுக்கு மூணு மாசமாக வெள்ளம் வரவில்லை.
தருமபுரியிலிருந்து மாற்றலாகி வந்த செயல் அலுவலர்
இரண்டு தடவை வாசித்தார்.
"வெள்ளம் வரலைன்னு எதுக்கும்மா மனு?
சந்தோஷப்பட வேண்டியதுதானே?"
கிளார்க் லில்லிபாய்தான் எடுத்துச் சொன்னாள்,
இங்கே குடிப்பதும் வெள்ளம், முங்குவதும் வெள்ளம்.
அடித்துவிட்டுக் குடிநீர் என்று எழுதினேன்.
அடித்தல் இருந்ததால் புது மனு கேட்டார்கள்.

மின்வாரியம் கீழே கம்பி இல்லையென்று எழுதித் தந்தது,
மேலே பார்த்துக்கொண்டே.
டெலிபோன்காரர்கள் கேபிள் இருக்கலாம் என்றார்கள்.
இருக்கலாம் என்பதற்குச் சீல் வைக்க முடியாதாம்,
அதனால் இல்லை என்று எழுதிச் சீல் வைத்தார்கள்.
ஸ்டேஷனில் ரைட்டர் ஆழம் கேட்டார்.
முக்கால் மீட்டர் என்றேன்.
"உள்ள எதையும் புதைக்க மாட்டியளே?"
அவர் சிரிக்கவில்லை.

வயிற்றுப் பகுதிக்காகப் பாறசாலைக்கு பஸ் ஏறினேன்.
மலையாளம் எனக்குப் பேச வரும், எழுத வராது.
வாசலில் லாட்டரி விற்ற பையன்
ஃபாரத்தை நிரப்பித் தந்தான்,
கூலியாக ஒரு டிக்கெட்டை என் தலையில் கட்டினான்.
இங்கே நாளைக்கு வாங்க,
அங்கே நாளெ வரூ.
நடுவில் ஒற்றைச் சொல்லை வைத்து
இரண்டு ஆபீஸும் பங்கு போட்டுக்கொண்டன.
தார் ரோட்டை மூடுவதற்கான டெபாசிட் மட்டும்
அந்தப் பக்கம் கூடுதல்.
எசக்கியேல் குனிந்து தடவிப் பார்த்தான்.
"ரெண்டும் ஒரே கறுப்புதான் அக்கா."

கடைசியில் வந்தே விட்டது.
தமிழ்நாட்டு அனுமதி பதினான்கு முதல் பதினேழு.
கேரள அனுமதி பதினெட்டு முதல் இருபது.

பதினேழு சாயங்காலம்
இரண்டு முனையிலிருந்தும் வெட்டிக்கொண்டு வந்து
வயிற்றைத் தொடாமல் நின்றோம்.
சிவப்புத் துணி கட்டினோம்.
மண்ணைச் சரிக்க இறங்கிய எசக்கியேல்
மேலே வரவில்லை.
கல்லுக்குக் கீழே ஒரு வார்ப்பிரும்புக் குழாய்,
வேர்த்துப்போய், என் தொடை கனத்தில்.
காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.
"ஓடுது அக்கா."

எந்த வரைபடத்திலும் அது இல்லை.
கீழே எதுவும் இல்லையென்று சீல் வைத்த கடிதங்கள்
பையில் பத்திரமாக இருந்தன.
ஸ்பேனரைத் துடைத்தபடி அவன் சொன்னான்,
ஒரு டீ மாட்டினா போதும்,
நாளைக்கு வெட்டவே வேண்டாம்.
சர்பத் கடைக்காரர் டீயா என்று எட்டிப் பார்த்தார்.

யாருடையது என்று கேட்கலாம்.
யாரிடம் கேட்பது என்பதற்கு முதலில் ஒரு மனு.
மஞ்சளாக லைட் எரிந்தது. நானும் இறங்கிக் காதை வைத்தேன்.
அது எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று
எனக்குப் பிடிபடவில்லை.

"மண்ணைப் போடு" என்றேன்.

பதினெட்டாம் தேதி காலை வயிற்றை வெட்டினோம்,
அதற்கு ஒரு சாண் மேலே எங்கள் நீலக்குழாய்.
முதலில் காற்று, அப்புறம் செம்மண்,
ஞாயிறன்று ஆறு வீட்டிலும் நூல்போல வெள்ளம்.
டிக்கெட்டுக்கு ஒன்றும் விழவில்லை.

டெபாசிட் திரும்பப் பெற இன்னொரு ஃபாரம்.
சாலை முன்பிருந்த நிலையிலேயே உள்ளதா?
ஆம் என்று எழுதினேன்.
அடித்தல் இல்லாமல்.